பதினாறாவது வாக்கியம்

ஜனவரி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று எழுதாதே. வலிக்கும்போதுதான் நீ அந்தச் சொல்லை எழுதுவாய். மாடிப்படி ஏற முடிகிறதா இல்லையா, அதை மட்டும் எழுது.

வீட்டுக்காரம்மா செப்டம்பர் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாள் என்பதற்கு மூன்று பக்கம் வருத்தப்பட்டிருக்கிறாய். எதற்கு? அப்பா போய் மூன்று வருடம் தனியாக இருந்தது போதும். எங்களோடு வந்து இரு. அவரிடம் சொன்னேன். "அத்தை வந்தா உன் சமையல்லேர்ந்து எனக்கு விடுதலை"ன்னார். இது அவருடைய கம்பெனி கொடுத்த வீடு. இரண்டு அறை, இரண்டாவது மாடி. ஊரில் இருக்கிற லிஃப்டை எல்லாம் ரிப்பேர் செய்கிறவருக்கு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் வீடு கொடுத்திருக்கிறார்கள். அதுதான் உன் முழங்காலைப் பற்றிக் கேட்டேன்.

"அந்த ஊரில் எல்லாம் இங்கிலீஷாமே, நான் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கணுமா" என்று எழுதியிருந்தாய். எழுத்துக் கூட்டி நீயே படிக்கக் கற்றுக்கொண்டவள்தானே? பொட்டலக் காகிதத்தில் படித்தவளுக்கு நான் வாத்தியார் ஆவது அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் ஒரு வழி சொல்கிறேன். ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்: கெட். அந்தச் சொல்லுக்கு அகராதியில் நாலு பக்கம் அர்த்தம். அதை வைத்தே இங்கே பாதி நாளை ஓட்டிவிடலாம். கடிதத்துக்கு ஐந்து வாக்கியம் அனுப்புகிறேன். கற்பனையாக எழுத எனக்கு வராது, பஸ் டிப்போவில் தொலைந்த பொருள் பதிவேடு எழுதி எழுதி அப்படி ஆகிவிட்டேன். நடந்ததையே எழுதுகிறேன்.

1. கெட் அப், எழுந்திருப்பது. நாங்கள் ஆறு மணிக்கு எழுந்திருக்கிறோம்.
2. கெட் ரெடி, தயாராவது. அவர் சட்டைப் பொத்தான் போடுவதற்குள் நான் தயாராகிவிடுவேன்.
3. வெறும் கெட், வாங்குவது. அவர் வேலையிலிருந்து வரும்போது பால் வாங்கி வருவார்.
4. கெட் ஆன், ஏறுவது. நாங்கள் ஒரே பஸ்ஸில் ஏறுகிறோம்.
5. கெட் டவுன், இறங்குவது. நான் நான்காவது நிறுத்தத்தில் இறங்குகிறேன்.

உரக்கச் சொல்லிப் பார். சுவருக்கு வாய் கிடையாது, சிரிக்காது.

உன் வாலு


பிப்ரவரி 2
கடவுள் துணை

என் செல்ல வாலுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நான் நலம். மாப்பிள்ளை நலமா? அவருக்கு அந்த இருமல் நின்றதா? முழங்கால் பற்றி: எட்டுப் படி வரை தொந்தரவு இல்லை, ஒன்பதாவதில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன். இது சரியான கணக்கு, பரவாயில்லை என்று எழுதவில்லை.

உன் சொல்லுக்குத் தனி நோட்டுப் போட்டுவிட்டேன். நாலு கட்டம் கோடு போட்டிருக்கிறேன்: எண், தேதி, வாக்கியம், யார். யார் என்று ஒரு கட்டம் எதற்கு என்று கேட்பாய். எந்தக் கணக்கானாலும் யாருக்கு என்று எழுதாவிட்டால் எனக்குப் பேனா நகராது. உன் அப்பாவுக்கு மருந்து கொடுத்த நோட்டில்கூட "கொடுத்தது யார்" என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான், ஆனாலும் எழுதினேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உலகத்தில் இத்தனை சொல் இருக்க, கெட் என்றா ஆரம்பிக்க வேண்டும்? காலையில் கும்பிட்டு எழுந்ததும் கெட் கெட் என்று சொன்னால் பாலெல்லாம் கெட்டுப்போகிற மாதிரி இருக்கிறது. இன்று வாசலில் நின்று ஐந்தையும் சத்தமாகச் சொன்னேன். எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "என்னக்கா, கோழி ஏதாவது வாங்கிட்டீங்களா?" என்றார். வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

ஒருத்திக்கு வைக்கும் சோறு பாத்திரத்தின் அடியிலேயே ஒட்டிக்கொள்கிறது. எத்தனை சின்னப் பாத்திரம் எடுத்தாலும் அப்படித்தான். அங்கே வந்தால் மூன்று பேருக்கு வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பருக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. பித்தளைப் பாத்திரங்களில் எதைக் கொண்டு வரலாம், எதை வேண்டாம் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

அம்மா


மார்ச் 1

அம்மாவுக்கு, உன் வாலு எழுதுவது.

இங்கே சுகம். உன் கடிதத்தின் பின்பக்கத்தையும் வழக்கம்போலப் படித்தேன்: செவ்வாய்க்கிழமை காலை பத்து முதல் மாலை நாலு வரை உங்கள் தெருவில் கரண்ட் இருக்காது. போன கடிதத்தின் பின்னால் ஒரு தேர்தல் நோட்டீஸ், அதற்கு முன்னால் டிசம்பர் காலண்டர் தாள். வெள்ளைத் தாள் வாங்கி எழுதினால் உனக்குத் தூக்கம் வராதா? ஆனால் உன்னால் எனக்கு அந்தத் தெருச் செய்தியும் இலவசமாகக் கிடைக்கிறது.

டிப்போவில் வேலை அதிகம். பஸ்ஸில் மக்கள் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பார்த்தால் நீ நம்ப மாட்டாய். போன வாரம் மட்டும் பதினோரு குடை. சூப்பர்வைசர் சொல்கிறார்: "மழை பெய்யும்போது எவனும் குடையை மறக்கறதில்லம்மா. வெயில் வந்ததும்தான் மறப்பான்." ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி, பதிவேட்டில் எழுதி, மூன்று மாதம் வைத்திருப்போம். அதற்குள் யாரும் கேட்டு வராவிட்டால் ஏலம்.

6. கெட் பேக், திரும்பப் பெறுவது. ஒரு தாத்தா தன் பல்செட்டைத் திரும்பப் பெற்றார். அங்கேயே போட்டுக்கொண்டு சிரித்துக் காட்டினார்.
7. கெட் கோல்ட், ஆறிப்போவது. சாப்பாடு ஆறிப்போகிறது.
8. கெட் லேட், நேரமாவது. வெள்ளிக்கிழமை ரொம்ப நேரமாகிவிட்டது.
9. கெட் அலாங், ஒத்துப்போவது. எதிர்வீட்டுக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகிறார்கள்.
10. கெட் த்ரூ, போனில் லைன் கிடைப்பது. மூன்று தடவை போட்டும் லைன் கிடைக்கவில்லை.

பாத்திரங்களில் அதிகம் வேண்டாம் அம்மா. இங்கே வைக்க இடம் குறைவு.

உன் வாலு


மார்ச் 20
கடவுள் துணை

அன்பு மகளுக்கு. உன் கடிதம் கண்டேன், நலம் என்று படித்து ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். மாப்பிள்ளை நலமா? இருமலைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை.

பத்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஒவ்வொரு வேலை செய்யும்போதும் அதற்கான வாக்கியத்தைச் சொல்லிக்கொள்கிறேன். வீடு முழுக்க ஒரு ஆள் பேசிக்கொண்டே நடமாடுகிற மாதிரி இருக்கிறது. பதில் சொல்ல ஆள் இல்லை என்பதால் தப்புக் கண்டுபிடிக்கவும் ஆள் இல்லை. அது ஒரு சௌகரியம்.

ஏழாவது வாக்கியம் எனக்குச் சுலபமாக வந்தது. இரண்டு நாள் யோசித்தேன். சாப்பாடு எப்போது ஆறும்? போட்டுவைத்து யாருக்காவது காத்திருந்தால் ஆறும். எனக்கு இந்த மூன்று வருடமாக அந்த வாக்கியமே தேவைப்படவில்லை, அடுப்பருகே நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறேன்.

வீட்டுக்காரம்மா நேற்று அளவு நாடாவோடு வந்து உன் அறையை அளந்தாள். அவள் மகனுக்குக் கல்யாணமாகி இங்கே குடிவரப் போகிறான். "அவசரம் ஒண்ணும் இல்லம்மா, சும்மா அளந்து பாக்கறேன்" என்றாள். சும்மா அளக்கிறவள் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனாள்.

நான் எந்த மாதம் கிளம்புவது என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. ரயிலுக்கு முன்கூட்டியே சீட்டு எடுக்க வேண்டும்.

அம்மா


மே 5

அம்மா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். உன் கால் எப்படி இருக்கிறது?

இனிமேல் கடிதத்தை டிப்போ விலாசத்துக்கே போடு. வீட்டு விலாசத்தில் தபால் தொலைந்துபோகிறது. தொலைந்த பொருள் அறைக்கே வந்துவிட்டால் தொலையாது பார்.

எந்த மாதம் என்று பிறகு எழுதுகிறேன். கொஞ்சம் வேலை இருக்கிறது.

11. கெட் அவுட், வெளியே வருவது. பெட்டியோடு குறுகலான படியில் வெளியே வருவது கஷ்டம்.
12. வெறும் கெட், கிடைப்பது. என்னோடு வேலை பார்க்கும் ஒருத்திக்கு மாடியில் ஓர் அறை கிடைத்தது.
13. மறுபடியும் கெட் அப். நான் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன்.
14. மறுபடியும் கெட் டவுன். நான் பதினேழாவது நிறுத்தத்தில் இறங்குகிறேன்.
15. கெட் யூஸ்டு டு, பழகிப்போவது. எல்லாம் பழகிப்போகும்.

வாலு


மே 22
கடவுள் துணை

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தூக்கம் வருகிறதா? தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, இல்லை சின்ன வயதில் மாதிரி நான் பின்னாலேயே ஓடிவர வேண்டுமா?

டிப்போ விலாசத்துக்கே எழுதியிருக்கிறேன். சரியாக வந்து சேர்ந்ததா என்று எழுது.

உன் பதினோராவது வாக்கியத்தால் எனக்கு மானம் போயிற்று. மீட்டர் பார்க்கிறவர் வந்தார். நான் அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தேன், அவர் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று, மரியாதையாகத்தான், கையைக் கட்டிக்கொண்டு, "சார், ப்ளீஸ் கெட் அவுட்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "என்னம்மா, இன்னும் ரீடிங்கே எடுக்கல, அதுக்குள்ள தொரத்தறீங்க?" தையல்காரர்தான் ஓடிவந்து விளக்கம் சொன்னார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் மூன்று பேர் சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்த்தேன். நோட்டில் அப்படி ஒரு பக்கம் இல்லை.

எந்த மாதம் என்று நீ யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அவசரமில்லை.

அம்மா


ஜூன் 20
கடவுள் துணை

அன்பு மகளுக்கு. உன்னிடமிருந்து பதில் வரவில்லை என்பதால் நானே எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் சௌக்கியம்.

ஒரு நல்ல செய்தி. வீட்டுக்காரம்மா மனசு மாறிவிட்டாள். மகன் வேறு இடம் பார்த்துக்கொண்டானாம், "நீங்க பாட்டுக்கு இருங்க" என்று சொல்லிவிட்டாள். அதனால் நான் வருவதை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஊர் மாறுவதற்கு மனம் ஒப்பவில்லை. இங்கே பிரார்த்தனைக் கூடம் பக்கத்தில் இருக்கிறது, தையல்காரர் இருக்கிறார், மீட்டர்காரர் மாதம் ஒருமுறை வருவார். அங்கே எனக்கு யாரைத் தெரியும்?

நீ என்னைப் பற்றிக் கவலைப்படாமல் உன் வேலையைப் பார். இரண்டு முட்டையாவது தினமும் சாப்பிடு.

அம்மா


ஜூலை 9

அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். வீடு போகவில்லை என்பது எனக்கும் நிம்மதி. நீ அங்கேயே இருப்பதுதான் உனக்கும் நல்லது என்று தோன்றுகிறது. டிப்போவில் கணக்கெடுப்பு நடக்கிறது, நின்றுகொண்டே எழுதுகிறேன். இந்த முறை வாக்கியம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு


ஆகஸ்ட் 3
கடவுள் துணை

என் செல்லத்துக்கு. நான் நலம், நீ நலமா? வாக்கியம் வரவில்லை என்றால் பரவாயில்லை. பழைய பதினைந்தையே திருப்பிப் படிக்கிறேன்.

பரணைச் சுத்தம் செய்தேன். உன் பள்ளிக்கூடப் பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு அரைப் பென்சில், ஒரு ரிப்பன், நீ எனக்கு எழுதிய ஒரு சீட்டு: "அம்மா நான் உன்னோடு பேச மாட்டேன். சாப்பாடு வைத்துவிட்டுப் போ." நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். பித்தளைப் பாத்திரங்களைத் தையல்காரர் வீட்டம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு எதற்கு அத்தனை.

கோபமாக இருந்தாலும் எழுது. சும்மா இருக்காதே.

அம்மா


ஆகஸ்ட் 24

அம்மா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

நேற்று உன் கடிதங்களை அடுக்கிவைத்தேன். ஜூன் மாதக் கடிதத்தை நான் பின்பக்கம் திருப்பவே இல்லை. நிம்மதியில் அப்படியே மடித்து வைத்துவிட்டேன். எத்தனை கேவலமான நிம்மதி. நேற்றுதான் திருப்பினேன். "மகளிர் விடுதி. சேர்க்கை விதிகள். ஒருவருக்கு ஒரு கட்டில், ஒரு பெட்டி. சொந்தப் பாத்திரங்கள் கூடாது. பார்க்க வருபவர்கள் ஞாயிறு மட்டும்." ஓரத்தில் உன் கையெழுத்தில் "செப். 30 காலை" என்று எழுதியிருக்கிறது.

வீட்டுக்காரம்மா மனசு மாறவில்லை, அப்படித்தானே? பொய்யை எழுதினாய், அதை எழுத வேறு தாள் எடுக்க உனக்குக் கை வரவில்லை. தாளை மிச்சம் பிடித்து மாட்டிக்கொண்டாய்.

பிறகு உன் கடிதங்கள் எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். மே மாதத்திலிருந்து மூன்று கடிதத்திலும் நீ ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. "மாப்பிள்ளை நலமா?" கல்யாணமான ஆறு வருடத்தில் அந்த வரி இல்லாமல் உன் கடிதம் ஒன்றுகூட வந்ததில்லை. உனக்கு எப்படித் தெரியும்?

சொல்லிவிடுகிறேன். பிப்ரவரிக் கடைசியில் வேலை என்று வெளியூர் போனார். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். வரவில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது, வேறு இடத்தில் வேறு ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டதாக. சண்டைகூடப் போடவில்லை அம்மா. சண்டை போட ஆள் எதிரில் இருக்க வேண்டாமா? ஏப்ரலில் கம்பெனிக்காரர்கள் வந்து, "வேலைய விட்டுட்டுப் போயிட்டாரு, வீட்டைக் காலி பண்ணணும்மா" என்றார்கள். இப்போது ஒரே ஒரு அறை, தபால்காரர் ஏறாத மாடி. உன்னை வா என்று கூப்பிட்டேனே, அந்த வீடே இல்லை. அதை எப்படி எழுதுவேன்? செப்டம்பருக்குள் ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். டிப்போவில் ஒவ்வொரு பொருளாக மூன்று மாதம் முடிந்து ஏலத்துக்குப் போகும்போது, எனக்கும் மூன்று மாதம் முடிந்துவிட்டதே, யாரும் கேட்டு வரவில்லையே என்று இருக்கும்.

வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடுதிக்குப் போ என்றும் சொல்ல முடியவில்லை.

வாலு


செப்டம்பர் 4
கடவுள் துணை

என் கண்ணே. அழுது முடித்திருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். இல்லையென்றால் முடித்துவிட்டுப் படி, அவசரமில்லை. இந்தத் தடவை வெள்ளைத் தாள் வாங்கினேன். திருப்பிப் பார், ஒன்றும் இருக்காது.

எப்படித் தெரியும் என்று கேட்டாய். நோட்டில் நான் எழுதியதையே சொல்கிறேன்.

"யார்" என்ற கட்டத்தைப் பார்த்தேன். ஒன்றாவது நாங்கள், மூன்றாவது அவர், நான்காவது நாங்கள். அதற்குப் பிறகு நாங்கள் இல்லை, அவரும் இல்லை. தாத்தா இருக்கிறார், சாப்பாடு இருக்கிறது, எதிர்வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். ஒத்துப்போவதற்கு எதிர்வீட்டிலிருந்தா ஆளைக் கூட்டிவருவாள் என்று அப்போதே சந்தேகப்பட்டேன். ஆனால் மனம் ஏற்கவில்லை, மாப்பிள்ளை நலமா என்று கேட்டுவிட்டேன்.

மே மாதம் வந்த ஐந்தில் கணக்குத் தானாகவே நேர்பட்டது. ஜனவரியில் ஆறு மணிக்கு எழுந்தாய், மே மாதம் ஐந்து மணிக்கு. ஜனவரியில் நான்காவது நிறுத்தத்தில் இறங்கினாய், இப்போது பதினேழாவதில். டிப்போ நகர்ந்து போகாது. அப்படியானால் வீடுதான் நகர்ந்திருக்க வேண்டும். "என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி" என்று எழுதினாயே, தொலைந்த பொருள் அறையில் நீயும் சூப்பர்வைசரும் தவிர யாரும் இல்லை என்று போன வருடம் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. நடந்ததைத் தவிர எழுத வராது என்று நீயேதான் முதல் கடிதத்தில் சொன்னாய். அதை நம்பித்தான் படித்தேன்.

தெரிந்த அன்று சமையலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எழுத வேண்டும் என்று தாளை எடுத்தேன். நீ சொல்லாததை நான் எப்படிக் கேட்பது? நீ மூடிவைத்த பாத்திரத்தை நான் திறந்தால் உனக்கு மானக்கேடாக இருக்கும். அதனால் ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். நீ கவனித்தால் பேசுவாய், கவனிக்காவிட்டால் இருக்கட்டும். என்னைக் கூப்பிட வேண்டிய கட்டாயமாவது உனக்குக் குறையட்டும் என்று விடுதியைப் பார்த்தேன். அங்கே பத்துக் கட்டில், ஒன்பதில் ஆள் இருக்கிறார்கள். ஒருத்தியும் இன்னொருத்தியைப் பார்த்து உட்காரவில்லை, எல்லோரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நல்ல சுத்தம்.

பிரார்த்தனையிலிருந்து அவருடைய பெயரை இன்னும் நான் நீக்கவில்லை. அந்தக் கணக்கை முடிப்பது என் வேலை இல்லை, மேலே இருப்பவனுடையது. ஆனால் இனிமேல் அந்தப் பெயரை உன் பெயருக்குப் பக்கத்தில் சொல்வதில்லை. தனியாக, கடைசியில் சொல்கிறேன்.

இப்போது கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. விடுதியில் எனக்கு ஒரு கட்டில், ஒரு பெட்டி. உன் அறையில் அதற்கு இடம் இருக்கிறதா? கட்டில்கூட வேண்டாம், பாய் போதும். மாடிக்கு எத்தனை படி? நடுவில் நிற்க இடம் உண்டா? பாத்திரங்களைக் கொடுத்துவிட்டேன், அதனால் பாரம் இல்லை. இங்கிலீஷும் பதினைந்து வாக்கியம் வரை பயமில்லை.

உனக்குச் சங்கடமாக இருந்தால் இல்லை என்று எழுது. நான் உன் அம்மா, இல்லை என்பதை என்னிடம் எழுதலாம். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. முப்பதாம் தேதி காலை ஏதாவது ஒரு பக்கம் பெட்டியோடு கிளம்பியாக வேண்டும்.

அம்மா


செப்டம்பர் 16

அம்மாவுக்கு,

நான் அவ்வளவு சுகமில்லை. இரண்டு நாளாக ஜலதோஷம். இதுவரை எழுதிய சுகம் எல்லாவற்றையும் உன் நோட்டில் அடித்துவிடு.

அறைக்காரரிடம் கேட்டேன். "ரெண்டு பேரா? ஒத்தைக் கட்டில்தானே போட்டிருக்கேன்" என்றார். அம்மாவுக்குக் கட்டில், நான் தரையில் என்றேன். "அம்மாவா? அதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம் தயங்குன? கூட்டிட்டு வா" என்றார். அவ்வளவுதான் அம்மா. ஐந்து மாதமாக நான் கேட்கப் பயந்த கேள்விக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

படி முப்பத்தொன்று. உன் கணக்குப்படி மூன்று தடவை நிற்க வேண்டும். பதினாறாவது படிக்கு மேல் ஒரு திட்டு இருக்கிறது, உட்காரலாம். அறையில் ஒரு ஜன்னல், அது ஒரு மதில் சுவரைத்தான் பார்க்கும். பகலெல்லாம் நான் இருக்க மாட்டேன், நீ தனியாகத்தான் இருக்க வேண்டும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், வந்த பிறகு தெரிய வேண்டாம். தனியாக இருப்பது எனக்கும் பழகவில்லை. பதினைந்தாவது வாக்கியம் பொய். நடந்ததை எழுதுகிறவள் அதை மட்டும் நடக்கும் என்று எழுதிவிட்டேன்.

விடுதிக்காரர்களுக்கு வரவில்லை என்று சொல்லிவிடு. முப்பதாம் தேதி காலை ரயிலில் ஏறினால் மறுநாள் மாலை ஐந்தரைக்கு இங்கே. உன் பெட்டி வரும் பக்கம் பார்த்து நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிவிட்டேன். "எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டார்.

பாத்திரம் ஒன்றையாவது தையல்காரர் வீட்டம்மாவிடம் திரும்ப வாங்கி வா. இரண்டு பேருக்குச் சோறு வைக்கிற அளவில்.

16. கெட் ஹோம், வீடு வந்து சேர்வது. நாங்கள் ஏழு மணிக்கு வீடு வந்து சேர்வோம்.

யார் என்ற கட்டத்தை நீயே நிரப்பிக்கொள்.

உன் வாலு